ஹேண்டில் திருப்பி அடித்த வண்டி

ஆம்பூரில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் லேப் டெக்னீஷியன். தோல் தொழிற்சாலைகளிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று பார்த்து எழுதுவது என் வேலை. இப்படிப்பட்ட ஒருத்தனிடம், இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இங்கிலாந்தில் செய்த கார் ஒன்று பல வருஷம் இருந்தது என்று சொன்னால் புதிதாகப் பழகுகிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். சொல்வதை நிறுத்திவிட்டேன். கார் இப்போது என்னிடம் இல்லை.

அதை முதலில் பார்த்தது பேரணாம்பட்டில், மூடிக்கிடந்த ஒரு தோல் குடோனில். அங்கே இருந்த கிணற்றுத் தண்ணீரை சாம்பிள் எடுக்க அனுப்பியிருந்தார்கள். குடோனுக்குச் சொந்தக்காரக் குடும்பம் எப்போதோ சென்னைக்குப் போய்விட்டது. இடத்தை விற்பதற்காகக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு அடுக்குவார்கள் இல்லையா, அந்த உப்பு ஐம்பது அறுபது வருஷமாகத் தரையில் இறுகி, சுவரில் ஏறி, கூரை மரத்தில்கூடப் பூத்திருந்தது. மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் வண்டி நின்றது. முன்னால் இரண்டு பெரிய விளக்குகள், குதிரை லாயத்துக் கதவு மாதிரி உயரமான கதவுகள், சைக்கிள் சக்கரம் போலக் கம்பி போட்ட சக்கரங்கள். மட்கார்டை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. அவ்வளவு உப்பு தின்றிருந்தது.

காவலுக்கு இருந்தவர், "பழைய இரும்புக்குப் போடப் போறாங்க சார். வேணும்னா எடுத்துக்கினு போ" என்றார். அன்றைக்கே வேணும் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று என் மனைவி பல தடவை கேட்டிருக்கிறாள். அதுவரை நான் சொந்தமாக ஸ்கூட்டர் தவிர எதையும் ஓட்டியது கிடையாது. எனக்கே தெரியவில்லை. தார்ப்பாயைத் திரும்ப மூட மனசு வரவில்லை, அவ்வளவுதான் ஞாபகம்.

லாரியில் ஏற்றி வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குக் கொண்டுவந்து இறக்கிய அன்று, தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனது. போகாமல் நின்றவன் ஒருத்தன்தான். அடுத்த தெருவில் இருந்தவன், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். அதற்கு முன்னால் கடையில் பார்த்தால் தலையாட்டிக்கொள்கிற பழக்கம் மட்டும் இருந்தது. நான் அவனைப் பாய் என்று கூப்பிடுவேன். அவன் என்னை அண்ணா என்பான். அன்று வண்டியை மூன்று சுற்று சுற்றி வந்து, கிழிந்து தொங்கிய சீட்டைத் தடவிப் பார்த்தான்.

"இது மாட்டுத் தோல் ணா. நல்ல தோல். இப்ப இந்த தடிமன்ல எவனும் போட மாட்டான்" என்றான். பிறகு, "சீட்டு நான் பண்ணித் தரேன். மீதி நீ பாத்துக்க" என்றான்.

மீதியும் அவன்தான் பார்த்தான்.

அவன் ஷூ கம்பெனியில் சாம்பிள் கட்டர். வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டுவதற்காக முதல் ஜோடி ஷூ செய்வார்கள். அதற்குத் தோல் வெட்டுகிறவன். மெஷின் கிடையாது, கத்தியும் கையும்தான். ஒரு தோலில் உண்ணி கடித்த புள்ளி இருக்கும், முள் கீறிய தழும்பு இருக்கும், மாட்டுக்குச் சூடு போட்ட தடம் இருக்கும். அதெல்லாம் வெளியே போகிற மாதிரி அளவு அட்டையை வைத்து, கட்டை விரலால் கத்தியை அழுத்தி ஒரே இழுப்பில் வெட்டுவான். ஒரு தடவை கம்பெனி வாசலில் அவனுக்காகக் காத்திருந்தபோது ஜன்னல் வழியாக அவன் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். தோலைப் பார்க்காமல் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே வெட்டிக்கொண்டிருந்தான்.

ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த வண்டியில் உட்கார்ந்தோம். பழைய வண்டிக்காரர்கள் இன்டர்நெட்டில் போட்டிருந்த கையேட்டை நான் பிரிண்ட் எடுத்து வந்து படித்துச் சொல்வேன், அவன் செய்வான். வண்டி உடம்புக்கு உள்ளே இருந்த மரச்சட்டம் கரையான் அரித்துக் கிடந்தது. வாணியம்பாடியில் ஒரு ஆசாரியைப் பிடித்துப் புதிதாகப் போட்டோம். ரேடியேட்டரைப் பிரித்தால் உள்ளே தேள். பிரேக்குக்கு ஆயில் கிடையாது, கம்பியும் கேபிளும்தான். நாலு சக்கரமும் ஒரே அளவு பிடிக்கிற மாதிரி அதை இழுத்துக் கட்டவே ஒரு வருஷம் போனது. ஒரு சக்கரம் சரியானால் இன்னொன்று இழுக்கும். "உன் வண்டி நாலு பொண்டாட்டி கட்னவன் மாரி ணா. எல்லாரையும் ஒரே நேரத்துல சமாதானம் பண்ண முடியாது" என்பான். என் மனைவி டீ கொண்டுவந்து வைத்தால் ஆறிப்போகும் வரை இரண்டு பேருக்கும் கவனம் இருக்காது.

எனக்கு வேறு சிநேகிதன் கிடையாது. சின்ன வயதிலிருந்தே யாரோடும் ஒட்டிப் பழகத் தெரியாதவன் நான். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருத்தன் கிடைத்தான். அதை இப்போதுதான் இப்படி எழுதத் தெரிகிறது. அப்போது அவன் வருவான், போவான், அவ்வளவுதான் என்று இருந்தேன்.

வண்டி ஓடிய முதல் நாள் மாதனூர் வரை போய் வந்தோம். ஆக்சிலேட்டர் நடுவில், பிரேக் வலது பக்கம். டிரைவிங் ஸ்கூலில் கால் பழகியது வேறு மாதிரி என்பதால் பிரேக் போடுவதாக நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்து, இளநீர் வண்டிக்காரர் ஒருத்தர் மேல் ஏற்றப் பார்த்தேன். அவர் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். நாங்கள் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். கியர் மாற்ற ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை கிளச் மிதிக்க வேண்டும். இல்லையென்றால் பல்லைக் கடிக்கிற சத்தம் வரும். மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போனால் கதவெல்லாம் தனித்தனியாகப் பேசும். பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரன் அடித்து, பக்கத்தில் வந்து, வேகத்தைக் குறைத்து, போனில் படம் எடுத்துக்கொண்டு போவான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். செல்ஃப் மோட்டார் வேலை செய்யவில்லை. அதனால் முன்னால் ஹேண்டிலைச் சொருகிச் சுற்றித்தான் கிளப்புவோம். ஸ்டியரிங் நடுவில் ஒரு சின்ன லீவர் உண்டு. அது ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்பதை மாற்றுகிற லீவர். மேலே தள்ளினால் லேட், கீழே இழுத்தால் அட்வான்ஸ். ஓடும்போது கீழே இருக்க வேண்டும். ஹேண்டில் போடும்போது கட்டாயம் மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்கு முன்னாலேயே வெடித்து, ஹேண்டிலை எதிர்ப்பக்கம் திருப்பி அடிக்கும். மனுஷன் கை தாங்காது. அதனால்தான் ஹேண்டில் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவன் ஒவ்வொரு தடவையும் முன்னால் நின்று, "லேட்ல இருக்கா ணா?" என்று கேட்பான். நான் பார்த்துவிட்டு, "இருக்கு" என்பேன். அதற்கப்புறம்தான் சுற்றுவான்.

வாலாஜாபேட்டையில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். போனோம். பிள்ளைகள் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு சால்வை போட்டார்கள். பாய்க்குப் போடவில்லை. அவன் அதைக் கிண்டல் செய்துகொண்டே வந்தான். திரும்பி வரும்போது பள்ளிகொண்டா தாண்டி ரோட்டோர டீக்கடையில் நிறுத்தினோம். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் வண்டியைச் சுற்றி இருபது பேர்.

நான் ஏறி உட்கார்ந்தேன். லீவரை மேலே தள்ளினேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, தள்ளினேன். பாய் ஹேண்டிலை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். அப்போது கூட்டத்தில் ஒரு ஆள் ஜன்னல் பக்கம் வந்து, "இது இன்னா சார், ஸ்டியரிங் மேல?" என்று கேட்டார். கையில் போன் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். தோளில் அந்தச் சால்வையோடு நான் விளக்க ஆரம்பித்தேன். டைமிங் லீவர், அந்தக் காலத்தில் டிரைவரே கையால் மாற்ற வேண்டும், இதோ இப்படி என்று கீழே இழுத்துக் காட்டினேன். இன்னும் இரண்டு பேர் தலையை நீட்டினார்கள். நான் அவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

முன்னாலிருந்து அவன் குரல் கேட்டது. "லேட்ல இருக்கா ணா?"

"இருக்கு, இருக்கு. போடு பாய்" என்றேன். பார்க்கவில்லை.

ஒரு சத்தம். பட்டாசு மாதிரி ஒன்று, கூடவே ஈரக்கட்டை முறிகிற மாதிரி ஒன்று. எஞ்சின் கிளம்பவில்லை. அவன் தலை பானெட்டுக்குக் கீழே போனது. யாரோ "யப்பா!" என்றார்கள். நான் கதவைத் திறக்கும்போது என் கை தானாக அந்த லீவரை மேலே தள்ளியது. அதை நினைத்துத்தான் செய்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் தள்ளினேன். அவனைத் தூக்குவதற்கு முன்னால் அதைச் செய்தேன்.

அவன் மணலில் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கட்டை விரல் பின்பக்கம் திரும்பியிருந்தது. கத்தவில்லை. "ணா, இது என் கை தானா?" என்று கேட்டான்.

ஒரு வேன்காரர் ஏற்றிக்கொண்டார். வேலூர் ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலமே ஆபரேஷன் செய்தார்கள். கம்பி வைத்தார்கள். அவன் மனைவி ஷிப்டிலிருந்து அப்படியே கம்பெனி கோட்டோடு வந்திருந்தாள். என்னைப் பார்த்து, "எப்படி ணா ஆச்சு?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவனே சொன்னான். "என் தப்புதான். கட்ட விரல உள்ள வச்சிட்டேன். அண்ணன் இன்னா பண்ணுவாரு."

அவன் கட்டை விரலை உள்ளே வைத்தானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. வைத்திருந்தாலும் லீவர் மேலே இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். வாயில் வார்த்தை வந்தது. நர்ஸ் வந்து எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள். வெளியே வந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று வந்தேன்.

டீக்கடைக்காரர் சொல்லி அனுப்பிய பிறகுதான் வண்டி ஞாபகத்துக்கு வந்தது. இன்னொரு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டேன். அதன் பிறகு அதை ஓட்டவில்லை.

எலும்பு கூடியது. விரல் மடங்கவில்லை. நரம்பு சேரவில்லை என்றார்கள். மறுபடி ஒரு ஆபரேஷன் செய்தார்கள். பந்தைப் பிசையச் சொன்னார்கள், வெந்நீரில் வைக்கச் சொன்னார்கள். அவன் எல்லாவற்றையும் செய்தான். டம்ளரைப் பிடிப்பான், நழுவிவிடும். கத்தி பிடிக்க முடியவில்லை. கம்பெனியில் முதலில் கட்டிங்கிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஒரு கையால் டப்பா மடிக்க எவ்வளவு நேரமாகும்? லைனில் பக்கத்தில் இருந்த பெண்கள் அவனுடையதையும் சேர்த்து மடித்துக் கொடுத்தார்கள். அது அவனுக்குத் தாங்கவில்லை. ஆர்டர் கம்மியான மாசத்தில் எடுத்துவிட்ட ஆட்களில் அவனும் ஒருத்தன். பதினெட்டு வயதிலிருந்து கத்தி பிடித்தவன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவன் வீட்டுக்குப் போனேன். ஆப்பிள், பிஸ்கெட், ஒரு தடவை எலும்புக்கு நல்லது என்று யாரோ சொன்ன எண்ணெய். அவன் கட்டிலில் உட்கார்ந்திருப்பான். நான் பிளாஸ்டிக் நாற்காலியில். டிவி ஓடும். "வண்டி எப்படி ணா கீது?" என்று ஆரம்பத்தில் கேட்பான். "சும்மா நிக்குது" என்பேன். கொஞ்ச நாளில் அதையும் கேட்பதை விட்டான். சில சமயம் பேச்சு நின்று அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். கை வலிக்கிறது போல என்று நினைத்துக்கொள்வேன். எழுந்து, "வர்றேன் பாய்" என்பேன்.

ஒவ்வொரு வாரமும் தெருமுனை வரை போகும்போது, இன்று சொல்லிவிடுவது என்று இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் இருக்கும். உள்ளே போனால் போய்விடும். இரண்டு வருஷம் இப்படிப் போனது.

கடைசியில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். அழுவாள் அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன்.

"இப்ப போய் சொல்லி இன்னா ஆவப் போவுது?" என்றாள். "உங்களுக்கு மனசு கொஞ்சம் லேசாவும். அவருக்கு?"

"அப்ப சொல்லாம இருக்கச் சொல்றியா?"

"நான் அப்படிச் சொல்லல. அன்னிக்கே சொல்லியிருக்கணும்னு சொல்றேன். இத்தன வருஷம் எங்கிட்டகூட சொல்லல பாருங்க." அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசும் விதத்தில் ஏதோ ஒன்று குறைந்தது. சாப்பாடு போடுவாள், துணி எடுத்து வைப்பாள். ஆனால் நான் ஏதாவது சொன்னால், அது உண்மைதானா என்று ஒரு நொடி யோசிப்பது போல இருக்கும். எனக்கு மட்டும் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

மறுநாள் ஞாயிறு இல்லை, ஒரு புதன்கிழமை. லீவு போட்டுவிட்டு மத்தியானம் போனேன். அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவன் தரையில் உட்கார்ந்து, இடது கையால் துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

நான் உட்காராமலே சொன்னேன். "பாய், அன்னிக்கி லீவர் லேட்ல இல்ல. நான் கீழ இழுத்து வச்சிருந்தேன். பாக்காம சொன்னேன். என் தப்பு."

அவன் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் ணா" என்றான்.

"இன்னா தெரியும்?"

தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தான். இடது கட்டை விரலால் தள்ளித் தள்ளித் தேடினான். நீட்டினான். டீக்கடை, கூட்டம், வெயில். ஜன்னலுக்குள் நான், தோளில் சால்வை. சிரித்துக்கொண்டு லீவரைக் கீழே இழுத்துக் காட்டுகிறேன். எங்கோ தூரத்திலிருந்து அவன் குரல். பிறகு என் குரல், "இருக்கு, இருக்கு. போடு பாய்." நான் இவ்வளவு சந்தோஷமாகப் பேசினேன் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு அந்தச் சத்தம். படம் ஆடியது. நின்றது.

"ஆபரேஷன் ஆன அடுத்த வாரமே வந்துச்சு. கம்பெனி குரூப்புல எவனோ போட்டான். பழைய வண்டி, ஆக்சிடெண்ட்டுன்னு" என்றான்.

"அப்பவே ஏன் என்கிட்ட கேக்கல?"

"நான் எதுக்கு கேக்கணும்? நீ இல்ல சொல்லணும்." அவன் குரல் ஏறவில்லை. "ஞாயித்துக்கிழம ஆனா நீ வருவ. இன்னிக்கி நீ சொல்லிடுவன்னு உன் மூஞ்சியே பாத்துக்கினு இருப்பேன். ஆப்பிள வச்சிட்டுப் போய்டுவ. மொத மாசத்துல சொல்லியிருந்தா நல்லா திட்டியிருப்பேன். எடது கையால ரெண்டு அறகூட வுட்டிருப்பேன். அதோட போயிருக்கும் ணா. மறதியா நடந்துச்சு, யாருக்கும் நடக்கும். கை போனது ஒன்னு. நீ இப்படி இருந்தது வேற."

மன்னிச்சிடு என்றேனா என்று ஞாபகம் இல்லை. வண்டியை எடுத்துக்கொள், விற்றுக்கொள், என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று மட்டும் உளறினேன்.

"வேணாம்" என்றான். தட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் பருப்பைத் தள்ளிக்கொண்டிருந்துவிட்டு, நிமிராமல் கேட்டான். "டீ சாப்பிடுறீங்களா?"

இத்தனை வருஷப் பழக்கத்தில் அவன் என்னை நீங்க என்று கூப்பிட்டதே கிடையாது.

அன்று சாயங்காலம் அவன் மனைவி போன் பண்ணினாள். அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. "அண்ணா, இனிமே வராதீங்க. கோவத்துல சொல்லல. நீங்க வந்துட்டுப் போனா அவரு ரெண்டு நாள் சாப்புட மாட்டேங்கறாரு. இத்தன நாளும் அப்படித்தான். நான் உங்ககிட்ட சொல்லல." பிறகு, "கேக்கறவங்க எல்லார்கிட்டயும் தன் தப்புன்னேதான் சொல்லிக்கினு இருந்தாரு. வீடியோ பாத்த அப்புறமும். நீங்க ஊர்ல தல நிமிர்ந்து நடக்கணும்னு" என்றாள். வைத்துவிட்டாள்.

அதற்கடுத்த வாரம் ஒரு மத்தியானம் நான் செய்ததை யாருக்கும் சொன்னதில்லை. மனைவி கல்யாணத்துக்குப் போயிருந்தாள். கொட்டகைக்குப் போனேன். தார்ப்பாயை எடுத்தேன். லீவரை முழுக்கக் கீழே இழுத்து வைத்தேன். முன்னால் போய் ஹேண்டிலைச் சொருகி, கட்டை விரலை உள்ளே கொடுத்து இறுக்கிப் பிடித்துச் சுற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி சுற்றினேன். மூச்சு வாங்கியது. நிறுத்தாமல் சுற்றினேன். எஞ்சினுக்குள் வெறும் காற்று ஏறி இறங்குகிற சத்தம் மட்டும் வந்தது. இரண்டு வருஷத்தில் பெட்ரோல் எல்லாம் காய்ந்துபோய், உள்ளே பிசின் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அடிப்பதற்கு அதில் எதுவும் இல்லை. தோள் வலித்து முடியாமல் போனபோது மட்கார்டில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். என் இரண்டு கையும் நன்றாக இருந்தன.

பிறகு வண்டியைக் கொடுத்துவிட முடிவு செய்தேன். பெங்களூரிலிருந்து ஒருத்தர் வந்தார். கல்யாண போட்டோ எடுப்பவர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். கூட ஒரு மெக்கானிக். நான் அவர்களிடம் லீவரைப் பற்றி மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை ஆரம்பித்தபோது மெக்கானிக் சிரித்தார். "சார், ஹேண்டில யாரு போடப் போறாங்க? செல்ஃப் மோட்டார கழட்டித் தாங்க" என்றார். அவரே கழற்றி வேலூருக்குக் கொண்டுபோய், மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கடையில் கொடுத்து, இரண்டாம் நாள் கொண்டுவந்து மாட்டினார். பெட்ரோல் குழாயைச் சுத்தம் செய்து, புது பேட்டரி வைத்து, பட்டனை அமுக்கினார். வண்டி கிளம்பியது. அந்த மோட்டாருக்கு சாமான் இங்கிலாந்திலிருந்து வந்தால்தான் ஆச்சு என்று நான் எங்கேயோ படித்துவிட்டுப் பாயிடம் சொல்லியிருந்தேன். அவன் என்னை நம்பி அதைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. வேலூரில் இரண்டு நாள் வேலை.

வண்டி போன பிறகு, அதை மட்டுமாவது சொல்லலாம், வண்டி இப்போது இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று அவன் தெருவுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, கிருஷ்ணகிரி பக்கம் மச்சான் கடைக்குப் போய்ட்டாங்க, ஒரு மாசம் ஆச்சு என்றார். "உங்களுக்குச் சொல்லலியா? நீங்கதான் ரொம்ப தோஸ்த் ஆச்சே" என்றார். சொன்னான், நான்தான் மறந்துட்டேன் என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை டூட்டியை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு அதில் சந்தோஷம். அன்று தொழிற்சாலைகள் பாதி ஓடாது, குழாயில் தண்ணீர் குறைவாக வரும். சாம்பிள் எடுத்து வைத்துவிட்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பேன். அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது. மாற்றவில்லை. ரம்ஜானுக்கு வாழ்த்து அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று காட்டியது. பதில் வரவில்லை. பக்ரீத்துக்கும் அனுப்பினேன். அதையும் பார்த்தான்.